நூல் கட்டாத துப்பாக்கி

முதலில் உறையைப் பார். ஒட்டிய இடத்தில் குறுக்கே மூன்று கோடு கிழித்திருக்கிறேன். கோடுகள் மேலும் கீழும் நேராகப் பொருந்தியிருந்தால் வழியில் யாரும் பிரிக்கவில்லை என்று அர்த்தம். கிழித்துப் பிரித்த பிறகுதான் இந்த வரியைப் படிப்பாய் என்பது எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது. போகட்டும். எவன் படித்தாலும் கவலையில்லை, இன்னும் எட்டு நாளில் இதை ஊரே கேட்கப்போகிறது. இங்கே நான் சுகம். உன் அம்மாவும் சுகமாகத்தான் இருக்க வேண்டும். நாலு நாளாக அவள் என்னோடு பேசவில்லை, அதனால் பார்த்ததை வைத்து எழுதுகிறேன். சமைக்கிறாள், சாப்பிடுகிறாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறாள்.

அவளுக்கு நீ எழுதிய கடிதத்தை நான்தான் முதலில் பிரித்தேன். அவள் பெயருக்கு வந்ததை நான் பிரிக்கக் கூடாதுதான், ஆனால் என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாய் என்று தெரிய வேண்டாமா? என்னைப் பற்றி ஒன்றுமில்லை. உன் தாய்மாமன் தசரதனின் மகள் தேவகியைக் கட்டிக்கொள்ள உனக்குச் சம்மதம் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே ஒரு வரி. "ஆறு வருஷமா மூஞ்சியே பாக்காத மாமா இப்போ எதுக்காக வலிய வந்து பொண்ணு தர்றேங்கறாரு? உள்ள ஏதாவது இருக்குமாம்மா?" அதைப் படித்ததும் எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பரவாயில்லை, திருப்பதியில் கணக்கு வாத்தியாராகப் போய் உட்கார்ந்தாலும் என் பிள்ளை யாரிடமும் ஏமாற மாட்டான் என்று மீசையைத் தடவிக்கொண்டேன். தொழுவத்துக்குப் போய் மாட்டை அவிழ்க்கும்போது அதே வரி திரும்ப ஞாபகம் வந்தது. அது என் குரலிலேயே கேட்டது. உன் கடிதத்தில் நான் இல்லை என்று நினைத்தேனே, அந்த ஒரு வரி முழுக்க நான்தான் இருக்கிறேன். அப்போது பயந்துவிட்டேன். அந்தப் பயத்தில்தான் இதை எழுதுகிறேன். தேவகி உனக்குக் கிடைப்பாளா மாட்டாளா என்பது இப்போது உன் மாமன் கையில் இல்லை. நான் வாய் திறந்து ஒன்றைச் சொல்கிறேனா இல்லையா என்பதில்தான் இருக்கிறது.

நம் நாட்டுத் துப்பாக்கி உனக்கு நினைவிருக்கும். உன் உயரத்துக்கு மேல் நீளம், குழாயின் வாய் வழியாகவே எல்லாவற்றையும் போட வேண்டும். கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, கெஜக்கோல் என்று ஒரு நீளக் கம்பியால் இடித்து, அதன்மேல் ஈய ரவையைக் கொட்டி, மறுபடி நாரைத் திணித்து இடிப்போம். இதைத்தான் கெட்டுவது என்கிறோம். ஒரு முறை கெட்டினால் ஒரே ஒரு வெடி. வெளியே இருந்து பார்த்தால் கெட்டியிருக்கிறதா வெறுமையா என்று தெரியாது, இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். கோலை உள்ளே விட்டு, அது எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தால் தெரியும். நம் தோப்பும் உன் அம்மா பிறந்த வீட்டுத் தோப்பும் ஒட்டியே இருந்ததால், உன் தாத்தா காலம் தொட்டு இரண்டு தோப்புக்கும் அந்த ஒரே துப்பாக்கிதான். நடுவில் இருந்த கொட்டகையில் இரண்டு முளையில் மாட்டியிருக்கும். இரண்டு வீட்டுக்காரர்கள் எடுக்கிற சாமான் என்பதால் ஒரு முறை வைத்திருந்தோம். கெட்டி வைத்தவன் விசைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்ட வேண்டும். சுட்டவன் அதை அவிழ்த்து முளையில் கட்ட வேண்டும். நூல் துப்பாக்கியில் இருந்தால் உள்ளே மருந்து இருக்கிறது, முளையில் இருந்தால் இல்லை. அந்த நூலை நம்பித்தான் இரண்டு குடும்பமும் துப்பாக்கியைத் தொட்டது.

அணில் சுடுவது ஒற்றை ஆள் வேலை இல்லை. மாங்காய் ஒரு எலுமிச்சை அளவு வந்ததும் அணில் கூட்டம் வந்துவிடும், ஒன்றைக் கடித்து எறிந்துவிட்டு அடுத்ததற்குப் போகும். வேர்க்கடலை விதைத்த நிலத்தையும் கிளறிவிடும். ஆளைக் கண்டால் அது மரத்தைவிட்டு ஓடாது, அடிமரத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் ஒட்டிக்கொள்ளும். நீ சுற்றினால் அதுவும் சுற்றும். அதனால் ஒருவன் துப்பாக்கியோடு அசையாமல் உட்காருவான். இன்னொருவன் துண்டை உதறிக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடப்பான். நடக்கிறவன்மேல் சந்தேகப்பட்டு அணில் சுற்றி வந்து, உட்கார்ந்திருக்கிறவன் முன்னால் நிற்கும். பெரும்பாலும் நான் உட்காருவேன், தசரதன் நடப்பான். மரத்துக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் குழாயை நீட்டிக்கொண்டு நான். பத்துப் பன்னிரண்டு வருஷம் அப்படி நடந்திருக்கிறான், ஒரு நாளாவது "பாத்து மாமா" என்று சொன்னதில்லை. சுட்ட அணிலை அவன் பெண்டாட்டி கன்னியம்மா தணலில் வாட்டி, மிளகு போட்டு வறுப்பாள். வறுத்துக்கொண்டே, "பேரு மட்டும் தசரதன். ராமர் தடவிக்குடுத்த முதுகப் பாத்துச் சுடச் சொல்லோ கை கூசல?" என்று அவனைக் கிண்டல் செய்வாள். "நான் எங்க சுட்டேன், மாமாதானே சுட்டாரு. நான் துன்றதோட சரி" என்பான் அவன்.

இப்படி இருந்த ஆள்மேல் எனக்கு எப்படிச் சந்தேகம் வந்தது என்று கேட்பாய். வருவதற்குக் காரணம் வேண்டுமா எனக்கு? ஆந்திரா தனியாகப் பிரிந்த சமயம் அது. சித்தூர் ஜில்லா முழுக்க அங்கே போய்விட்டது, தமிழ்க்காரர்களின் துப்பாக்கிகளையெல்லாம் பிடுங்கிவிடுவார்கள் என்று ஒரு புரளி. பஸ்ஸில் இரண்டு பேர் தெலுங்கில் பேசிச் சிரித்தால் என்னைப் பற்றித்தான் என்று நினைப்பேன், தமிழில் பேசிச் சிரித்தாலும் அப்படித்தான் நினைப்பேன். லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனபோது அர்ஜியைத் தெலுங்கில் எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள். தெலுங்கு நான் பேசுவேன், ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. தசரதனுக்குத் தெரியும். அவன்தான் ஒரு பக்கம் முழுக்க ஜாங்கிரி மாதிரி எழுதி, "இங்க கையெழுத்துப் போடு மாமா" என்றான். போட்டேன். அடுத்த வாரம் புத்தூர் டீக்கடையில் ஒருவன், "துப்பாக்கிய மச்சான் பேருக்கு மாத்திக் குட்டுட்டியாமே?" என்று கேட்டான். விளையாட்டாகக் கேட்டானோ என்னவோ, அவன் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். எனக்கு மட்டும் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தசரதனிடம் நேரே கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். கேட்டால் உஷாராகிவிடுவான் என்று நினைத்தேன். மருந்து வைத்திருந்த சுரைக்குடுவையில் கரியால் கோடு போட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். மருந்து நான் நினைத்ததைவிட வேகமாகக் குறைந்தது. சரி, அவன் திருட்டுத்தனமாக எடுக்கிறான் என்று முடிவு கட்டினேன். நான் கெட்டி வைத்ததைச் சுட்டுவிட்டு, திரும்பத் தான் கெட்டாமல் விட்டுவிடுகிறான் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு நாள் சாயந்திரம் அவனைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று கொட்டகைக்குப் போனேன். துப்பாக்கியை நானே கெட்டினேன். கெட்டிவிட்டு நூலைக் கட்டவில்லை. முளையிலும் விடவில்லை, அவிழ்த்துச் சுருட்டி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். காலையில் வருகிறவன் என்ன செய்கிறான் பார்ப்போம், கெட்டியிருப்பது தெரிந்து என் மருந்தைத் தன்னுடையது என்று சொல்கிறானா பார்ப்போம் என்பது என் திட்டம். பெரிய மூளை! வரும் வழியெல்லாம் எனக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன். நீ அப்போது சித்தூரில் ஹாஸ்டலில் இருந்தாய். உன் அம்மா, "இன்னா, இன்னைக்கி மூஞ்சி இவ்ளோ தெளிவா கீது?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

மறுநாள் காலையில் தோப்புக்குப் போனபோது தசரதன் துப்பாக்கியோடு கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தான். மேற்கு ஓரத்து மரத்தில் இரண்டு அணில் கத்திக்கொண்டிருந்தன. "வா மாமா, சரியான நேரத்துக்கு வந்த. கெட்டி வச்சிக்கீறேன். நீ உக்காரு, நான் சுத்தறேன்" என்று துப்பாக்கியை நீட்டினான். நான் விசைப் பக்கம் பார்த்தேன், நூல் இல்லை. "நூல் எங்கடா?" என்றேன். அவன் சிரித்தான். "முளையில தேடனேன், காணோம். அணிலு கூட்டுக்கு இழுத்துக்கினு பூட்ச்சி போல. அதுக்கு நம்ம மேல எவ்ளோ கோவம் பாரு" என்றான். இந்த இடத்தை நீ நிதானமாகப் படி. நான் கெட்டியிருந்தது எனக்குத் தெரியும். தானும் கெட்டியதாக அவன் வாயாலேயே சொல்கிறான். அப்படியென்றால் உள்ளே இரண்டு பங்கு மருந்து இருக்கிறது, தொடக்கூடாது என்று ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். எனக்குப் புரியவில்லை. ஏன் தெரியுமா? அவன் பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். கோலை விட்டுப் பார்த்திருக்கிறான், கெட்டியிருப்பது தெரிந்துபோயிற்று, என் மருந்தை அப்படியே வைத்துக்கொண்டு தான் கெட்டியதாகக் கதை விடுகிறான், மாட்டிக்கொண்டான் பயல் என்று எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. கோலை விட்டுச் சரிபார்த்தால் என் திட்டம் அவனுக்குத் தெரிந்துவிடும் என்று அதையும் செய்யவில்லை. உட்கார்ந்தேன். அவன் துண்டை உதறிக்கொண்டு மரத்தைச் சுற்றினான். அணில் என் பக்கம் வந்து நின்றது. விசையை இழுத்தேன். குழாயின் அடிப்பாகம் என் முகத்துக்குப் பக்கத்தில் பிளந்தது. வலது கண்ணும், இடது கையில் இரண்டு விரலும் போனது அப்படித்தான். அவன் பேச்சை நம்பியிருந்தால் எனக்கு இன்றைக்கு இரண்டு கண் இருந்திருக்கும்.

அவன்தான் தன் வேட்டியைக் கிழித்துக் கட்டி, வண்டியில் போட்டு, பஸ்ஸை நிறுத்தி ஏற்றித் திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்தான். மூன்றாம் நாள் எனக்கு நினைவு தெளிந்தபோது இன்ஸ்பெக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தசரதன் சுவரோரம் நின்றான். யார் கெட்டியது என்று அவர் கேட்டதும் இவன், "நான்தாங்க கெட்டினேன்" என்றான். முன்னாலேயே கெட்டியிருந்ததா என்று ஏன் பார்க்கவில்லை என்று கேட்டார். "நூல் இல்லைங்க. அதான் பாக்கல" என்றான். இன்ஸ்பெக்டர் தெலுங்குக்காரர். "ஏ தாரம்?" என்றார், எந்த நூல் என்று. நான்தான் அவருக்கு விளக்கினேன். இரண்டு வீட்டு முறையையும் நன்றாக விளக்கிச் சொல்லிவிட்டு, "நான் வெறும் துப்பாக்கியதான் மாட்டிட்டு வந்தேன் சார். கெட்டியிருந்தா நூல் கட்டியிருப்பேனே. ரெண்டு பங்கா போட்டு என் கையில குட்டுட்டான்" என்றேன். தசரதன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை, ஒன்றும் புரியாமல் பார்த்தான். வலியில் உளறினேன் என்று உன்னிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது. இல்லை. நன்றாகத் தெரிந்துதான் சொன்னேன். சொந்தச் சோதனையில் சொந்தக் கண்ணைக் குருடாக்கிக்கொண்டவன் என்று ஊர் சிரிக்கும் என்று பயந்தேன். அதைவிட அவன் எனக்குக் கெடுதல் நினைத்தான் என்று சொல்வது எனக்கு எளிதாக இருந்தது.

பத்து நாள் அவனை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டு, சாட்சி இல்லை என்று அனுப்பினார்கள். ஊர் அனுப்பவில்லை. நான் கட்டோடு திரும்பி வந்ததும் சாவடியில் கூட்டம் போட்டார்கள். அங்கேயும் அதையே சொன்னேன், இந்த முறை இன்னும் கோர்வையாக வந்தது. லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு என்னை முடிக்கப் பார்த்தான் என்றும் சேர்த்துச் சொன்னேன். அக்கா தாலியை அறுக்கப் பார்த்தவன் என்று அவனுக்குப் பெயராகிவிட்டது. ஊர்க்கிணற்றில் கன்னியம்மா பக்கத்தில் யாரும் குடம் வைக்கவில்லை. அவன் என்ன செய்தான் தெரியுமா? மரம் மரமாக ஏறி அணில் கூடுகளைக் கலைத்துக்கொண்டிருந்தான். குற்றம் மூளையைக் கலக்கிவிட்டது என்றார்கள். நான், இல்லை, ஏதோ சாட்சியம் ஜோடிக்கிறான் என்றேன். ஒரு மாசம் அப்படி ஏறி இறங்கினான். பிறகு தோப்பை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, பெண்டாட்டியோடும் தேவகியோடும் திருத்தணிப் பக்கம் மாமனார் ஊருக்குப் போய்விட்டான்.

அவன் போன பிறகுதான் லைசென்ஸை ரத்து செய்து காகிதம் வந்தது. ஊர்க் கணக்கு எழுதுகிற கர்ணத்திடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். "உன் பேருதான்யா போட்டுக்கீது. வேற யார் பேரு இருக்கும்?" என்றார். தசரதன் அர்ஜியில் என் பெயரை ஒழுங்காகத்தான் எழுதியிருந்தான். அந்தக் காகிதத்தைப் பெட்டிக்கு அடியில் வைத்து, மேலே உன் அம்மாவின் பழைய புடவையைப் போட்டு மூடினேன். வெட்கம் வர வேண்டிய நாள் அது. எனக்கு வேறொரு கவலை வந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தமாகக் கழற்றிய என் சட்டையைக் கன்னியம்மாதான் துவைத்து மடித்துக் கொடுத்தனுப்பியிருந்தாள். பையில் இருந்த பீடிக்கட்டும் தீப்பெட்டியும் ஒரு துணியில் முடிந்து கூடவே வந்தன. நூல் வரவில்லை. ஆக, நூல் அவர்களிடம் இருக்கிறது. என் பையில் இருந்து எடுத்தோம் என்று ஒரு நாள் வெளியே காட்டுவார்கள், அதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆறு வருஷமாக எதிர்பார்த்திருந்தேன். யார் கதவைத் தட்டினாலும் அந்த நூல்தான் வருகிறது என்று நினைத்தேன். உன் அம்மா தம்பியைப் பார்க்கப் போகக்கூடாது என்று நான் தடுத்தது கோபத்தால் என்று நீ நினைத்திருப்பாய். அவர்கள் அவளிடம் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தால்தான். ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணி போனவளைக் கன்னியம்மா கூட்டத்தில் பிடித்துக்கொண்டு, "அண்ணி, தேவகிய உன் புள்ளைக்கு எடுத்துக்க" என்று கேட்டாளாம். உன் அம்மா அழுதுகொண்டே வந்து சொன்னாள். நான், ஆகா, நேரம் வந்துவிட்டது, நூலை இப்போது எடுக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

அதனால்தான் போன செவ்வாய்க்கிழமை யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். எல்லை பிரித்துப் புதிதாக நட்ட கல்லைத் தாண்டிப் போனால் அவன் ஊர். இப்போது அவன் மதராஸ்காரன், நாம் ஆந்திராக்காரர்கள். தசரதன் வாசலில் கீற்று முடைந்துகொண்டிருந்தான். தலையெல்லாம் நரைத்துவிட்டது. பக்கத்துக் கொய்யா மரத்தில் ஓர் அணில் அவனைச் சட்டை செய்யாமல் தின்றுகொண்டிருந்தது. "வா மாமா, உக்காரு" என்றான், நேற்றுத்தான் பார்த்த மாதிரி. கன்னியம்மா மோர் கொண்டுவந்தாள். டம்ளரை வாங்கி உள்ளே ஒரு தரம் பார்த்தேன், பழக்கம். "இன்னாண்ணா, நான் ஒரு மடக்கு குடிச்சிக் காட்டட்டுமா?" என்றாள். குடித்தேன். பேச்சை வளைக்க எனக்குப் பொறுமை இல்லை. "பொண்ணு குடுக்கறதுக்கு முன்ன அந்த நூல என் கையில குட்டுடு" என்று தசரதனிடம் சொல்லிவிட்டேன்.

"எந்த நூலு?" என்றான். அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. எத்தனை முகத்தைத் துருவிப் பார்த்தவன் நான், அந்த முகத்தில் ஒன்றுமில்லை. நிலைப்படியில் நின்ற கன்னியம்மாதான் பேசினாள்.

"அது அடுப்புல பூட்ச்சிண்ணா. அன்னைக்கே."

தசரதன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தே சொன்னாள். "சட்டையத் துவைக்கச் சொல்லோ பையில இருந்திச்சி. பாத்ததும் எனக்குப் புரிஞ்சி போச்சி, நீதான் முன்ன கெட்டி வச்சிக்கீறேன்னு. நீ அங்க பொழைப்பியோ மாட்டியோன்னு கெடந்த. அண்ணி தலையில அடிச்சிக்கினு அழுவுது. போறவன் மேல எதுக்குப் பழின்னு அடுப்புல போட்டுட்டேன். நீ பொழைச்சி எழுந்து எம்புருசன் மேலயே கைய காட்டுவேன்னு எனக்கு இன்னா தெரியும்? அப்பறம் நான் சொன்னா யாரு நம்புவாங்க? இவர்கிட்ட சொல்லியிருந்தா கொலதான் வுழுந்திருக்கும்."

தசரதன் முடைந்த கீற்றைக் கீழே வைத்தான். "அணிலு தூக்கிக்கினு பூட்ச்சின்னுதானே மாமா நெனச்சிக்கினு கீறேன், இன்னிய வரைக்கும். ஒரு கூடு வுடாம ஏறிப் பாத்தேன். அது கெடச்சா, நூலு காணாம பூட்ச்சின்னு நான் சொன்னது நெசந்தான்னு காட்டலாம்னு" என்றான். அப்புறம் கேட்டான், "அப்போ நீதான் கெட்டினியா?"

"ஆமா" என்றேன். ஆறு வருஷத்தில் அந்தச் சொல் முதல் தடவையாக என் வாயிலிருந்து வந்தது. மருந்துக் குடுவையில் கோடு போட்டதையும் சொன்னேன். "பைத்தியக்காரா" என்றாள் கன்னியம்மா, அண்ணன் என்ற மரியாதையெல்லாம் போய்விட்டது. "உன் மரத்துலதான் அணிலு ஜாஸ்தி. காத்தால வந்து உன் மரத்துக்கும் சேத்து இவருதான் சுட்டுக்கினு இருந்தாரு. மருந்து கொறையாம இன்னா செய்யும்?" தசரதன் அடிக்க வருவான் என்று எதிர்பார்த்தேன், வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் எழுந்து கொய்யா மரத்தடியில் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அங்கிருந்தே சொன்னான். "சாவடியில இன்னா சொன்னியோ, அதே சாவடியில மாத்திச் சொல்லு மாமா. பொண்ணு பேச்சு அதுக்கு அப்பறம். அப்பவும் தருவேனான்னு இப்ப சொல்ல மாட்டேன்."

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. தட்டில் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். "என் தம்பி உன்னக் கொல்லப் பாத்தான்னு ஆறு வருசமா எனக்கே சொல்லிக்கினு இருந்தியே" என்றாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு பேச்சில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர்களாகவே பெண்ணைக் கொடுத்திருப்பார்கள், கல்யாணம் நடந்திருக்கும். நூலைக் கேட்கப் போய் நானே காரியத்தைக் கெடுத்துக்கொண்டேன் என்று ஒரு மனசு சொல்கிறது. அந்த மனசு சொன்னதைக் கேட்டுத்தான் இவ்வளவும் வந்தது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் நான் உன் நைனா, சொல்லாமல் விட மாட்டேன். மாமன் ஏன் பெண் தருகிறான் என்று கேட்டாயே, ஒரு காரணமும் இல்லை. உன் அத்தைக்கு உன்னைப் பிடிக்கும், நீ சின்ன வயசில் அவள் வறுத்த அணில் கறியைக் கேட்டு அடம் பிடித்தவன், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் காப்பியடிப்பவர்களைப் பிடிக்க வேண்டுமென்றே கணக்கைத் தப்பாக எழுதிப் போட்டு வேடிக்கை பார்ப்பதாகப் போன வருஷம் பெருமையாகச் சொன்னாய். நானும் தொடையைத் தட்டிச் சிரித்தேன். அதை நிறுத்து. பையன்களிடம் செய்கிறவன் நாளைக்குப் பெண்டாட்டியிடமும் செய்வாய். தேவகி கிடைத்தாலும் சரி, வேறு எவள் வந்தாலும் சரி, சந்தேகம் வந்தால் முகத்துக்கு நேரே கேள். சண்டை வரும், வரட்டும், சண்டையில் கண் போகாது. அவள் பெட்டியைத் திறக்காதே, அவளுக்கு வந்த கடிதத்தைப் பிரிக்காதே. கெட்டி வைத்தால் நூலைக் கட்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவடியில் கூட்டம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். தசரதன் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறான். உனக்குப் பள்ளி விடுமுறைதான், முதல் பஸ்ஸில் வந்துவிடு. என் பக்கத்தில் நிற்க வேண்டாம், உன் மாமன் பக்கத்தில் போய் நில். எனக்கு வெட்கமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. அதற்குப் பிறகு அவன் பெண்ணைத் தர மாட்டேன் என்றால் நீ என்னைத் திட்டு, நான் கேட்டுக்கொள்கிறேன். அவன்மேல் மட்டும் ஒரு சொல் சொல்லக்கூடாது.

இதை ஒட்டுவதற்கு முன் இரண்டு தரம் படித்துப் பார்த்தேன், எங்கேயாவது என்னைக் காப்பாற்றிக்கொள்கிற மாதிரி ஒரு வரி புகுந்திருக்கிறதா என்று. மூன்று இடத்தில் இருந்தது. பேனாவால் அடித்திருக்கிறேன், அடித்ததை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்காதே. நாலாவதாக ஒன்று உன் பார்வையில் பட்டால் அதை நீயே அடித்துவிடு. எனக்கு ஒரு கண்தானே.

உன் நைனா